பெரியம்மாவின் சீட்டில் அம்மாவின் விரல்கள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், கடையும் தள்ளாடாமல் ஓடுகிறது, அப்பா சரக்கு வண்டியோடு போயிருக்கிறார், வாரக் கடைசியில் வந்துவிடுவார். நீயும் அந்தக் குளிர்க் கிடங்கில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கையில் கொஞ்சம் பிடிப்பு, அதனால் இவளை எழுதச் சொன்னேன், வேறு ஒன்றுமில்லை. வயதானால் எல்லோருக்கும் வருகிற தேய்மானம்தான், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. இதற்குள் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளக் கடைக்கு ஆள் வந்துவிட்டது, அம்மா எழுந்து போய்விட்டாள், "மிச்சத்தை நீயே எழுதிடு, வழக்கமா எழுதுறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கமாக எழுதுகிறவள் அவள், நான் இல்லை. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்ததுமே உனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை என்றால் உன்னையும் இவர்களோடு சேர்த்துவிடுகிறேன். மேலே எழுதியதில் கடை ஓடுகிறது என்பதும் அப்பா வண்டியோடு போயிருக்கிறார் என்பதும் உண்மை, மற்றதெல்லாம் அம்மாவின் ஆசை. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டால் பெரியம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், உனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதையும் எடுத்து உரக்கப் படிக்கிறாள், நான் வாயைத் திறந்தாலே "ஊமைக்கோட்டான் பேசப்போகுது, எல்லாரும் கேளுங்க" என்கிறாள், அதற்குப் பிறகு எனக்கு எங்கே பேச்சு வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் கவனித்தது ஒரு கத்தரிக்கோலை. ஒரு நாள் காலையில் அது அம்மாவின் கட்டைவிரலிலிருந்து கழல மறுத்தது. அந்தக் கறுப்புப் பிடிக் கத்தரிக்கோல் உனக்குத் தெரியும், கடை திறந்த நாளிலிருந்து அவள் விரலுக்கென்றே வளைத்துச் செய்த மாதிரி இருக்கும், வேறு யார் தொட்டாலும் சத்தம் போடுவாள். யாருக்கோ முன்முடி வெட்டி முடித்துவிட்டு மேசையில் வைக்கப் போனாள், கத்தரிக்கோல் வரவில்லை. வந்தவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். தலை அலசுகிற தொட்டிக்கு அழைத்துப்போய், ஷாம்பூ நுரையைப் போட்டு, இறுகிப்போன மோதிரத்தைக் கழற்றுவது போலத் திருகித் திருகிக் கழற்றினேன். அப்போதுதான் அவள் கையைச் சரியாகப் பார்த்தேன். விரல்கள் புறங்கையோடு சேருகிற இடத்தில் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தெரிய வேண்டும் அல்லவா, அம்மாவுக்குப் பள்ளமே இல்லை, எல்லாம் ஒரே மேடு. தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது, சூடாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் நான் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா யாரோடோ பேசிக்கொண்டே கையை உதறினாள், அதே கத்தரிக்கோல் தானாகக் கழன்று மேசையில் விழுந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அதுவே கண்ணில் பட்டது. காலையில் குழாயை மணிக்கட்டால் தள்ளித் திறக்கிறாள். எண்ணெய்ப் புட்டி, க்ரீம் டப்பா எல்லாம் காலையில் மூடியோடு என்னிடம் வருகின்றன, மத்தியானத்துக்கு மேல் அவளே திறந்துகொள்கிறாள். படுக்கையை விட்டு எழுந்து அவள் வைக்கிற முதல் அடிகளை நீ பார்க்க வேண்டும், கூழாங்கல் மேல் நடக்கிறவள் மாதிரி பாதத்தின் முன்பக்கத்தைத் தரையில் அழுத்தாமல் நடக்கிறாள். காலையில் வருகிறவர்களிடம் "இவளும் நல்லா வெட்டுவா, கை பழகட்டும்" என்று என்னை முன்னால் தள்ளுகிறாள், எனக்கோ தலை அலசுகிற வேலை மட்டும் போதும், அதில் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வங்கியில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி மாதா மாதம் காலையில் வந்துகொண்டிருந்தவள், இப்போது மத்தியானம் வருகிறாள். "காலையில உங்கம்மா வெட்டினா ஒரு பக்கம் காது, ஒரு பக்கம் தோள்பட்டை. சாப்பாட்டுக்கு மேல வெட்டினா அளவெடுத்த மாதிரி இருக்கு, என்னான்னு கேளு" என்று சிரித்தாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் வெட்டி வெட்டி விரல் தேய்ந்துவிட்டது என்று அம்மா சொல்கிறாள், சரி, வெட்டுகிற கை தேயட்டும், சீப்பை மட்டும் பிடிக்கிற இடது கை எதற்காக அதே இடத்தில், அதே அளவு வீங்க வேண்டும். இதைக் கேட்டால் "பெரிய டாக்டரு" என்கிறாள்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ சிரிக்கக் கூடாது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் எதுவுமே தனித்தனியாக இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரே அளவுச் செருப்பு, ஒரே மூக்குக்கண்ணாடி, ஒருத்தி படித்துவிட்டுக் கழற்றினால் இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள். மருந்தும் அப்படித்தான். ஒருத்திக்கு இருமல் வந்தால் ஒருத்தி மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவாள், இருவரும் குடிப்பார்கள், இருவருக்கும் சரியாகிவிடும், எதற்கு இரண்டு பேர் போய்க் காத்துக்கிடக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. போன வருடம் பெரியம்மாவுக்கு முட்டி வலி என்று எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், அது உண்மைதான். மாடிப்படி ஏறி இறங்கினால் வலிக்கும், சாயங்காலம் ஆக ஆகக் கூடும், கொஞ்சம் உட்கார்ந்தால் குறையும், காலையில் எழுந்து நாலு அடி வைத்தால் சரியாகிவிடும். கையிலும் விரல் நுனிப் பக்கம் கெட்டியாகக் கொட்டை கொட்டையாக இருக்கும், கல் மாதிரி, அமுக்கினாலும் அமுங்காது. அம்மாவுக்குக் கை வலி வந்ததும் இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா, அம்மாவின் கையையும் பெரியம்மாவின் கிளினிக் சீட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். பெரியம்மா கிளினிக்குக்குப் போவாள், தன் முட்டியையும் அம்மாவின் விரலையும் எல்லாமே தன்னுடையது போலச் சொல்லுவாள், கொடுக்கிற மாத்திரையை ஆளுக்குப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவார்கள். பாதி மாத்திரையில் பெரியம்மாவுக்கு முட்டி வலி போகவில்லை, அம்மாவுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இதில் உன் பங்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. மூட்டு வலி என்று பெரியம்மா சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு நீ ஆளுக்கு ஒரு ஜோடி முட்டி உறை வாங்கி அனுப்பினாய். அம்மா அதை வலியே இல்லாத இரண்டு முட்டிகளிலும் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் நிற்கிறாள், மகன் அனுப்பியதைப் போடாமல் இருந்தால் உன் மனது நோகுமாம். வலிப்பது கை அண்ணா. அதோடு ஓய்வு எடுங்க, ஓய்வு எடுங்க என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், அப்பாவும் வண்டியிலிருந்து கூப்பிட்டு அதையே சொல்கிறார். பெரியம்மாவின் முட்டிக்கு ஓய்வு சரி. அம்மா காலையில் நீங்கள் சொன்னபடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விரல் இன்னும் இறுகிப்போகிறது, வேலையைத் தொடங்கிக் கையை ஆட்ட ஆட்டத்தான் இளகுகிறது. நீங்கள் இரண்டு பேரும் தூரத்திலிருந்து ஓய்வு ஓய்வு என்று ஏவுகிறீர்கள், நான் பக்கத்திலிருந்து மூடி திறக்கிறேன்.

நடுவில் எழுந்து போய் அந்தச் சாயத் தலையை அலசிவிட்டு வந்தேன். தொட்டிக்குக் கீழே குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதே இல்லை, இப்போதைக்கு வாளி வைத்திருக்கிறோம். சரி, அதை விடு.

போன வாரம் பெரியம்மா கிளினிக்குக்குப் போகும்போது எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு வர என்னைக் கூப்பிட்டாள். சீட்டு எழுதுகிற பெண், பெயர் என்ன என்று என்னைக் கேட்டாள், நான் பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன், "வாய்க்குள்ளயே பேசினா எனக்கு எப்படிம்மா கேக்கும்" என்றாள், திரும்பவும் சொன்னேன், திரும்பவும் கேட்கவில்லை, பெரியம்மாவே முன்னால் வந்து சொல்லிவிட்டு, "பள்ளிக்கூடத்துல எந்திரிச்சுப் பதில் சொல்லணும்னு பள்ளிக்கூடத்தையே விட்டவ இவ" என்று அங்கே இருந்த எல்லோருக்கும் அறிவித்தாள். தரைக்குள் புதைந்துவிடலாமா என்று இருந்தது. உள்ளே போனால் காலையில் வருகிற அந்த டாக்டரம்மா. பொறுமையானவர், நிறையக் கேட்கிறவர். காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். "நாலு அடி வைக்கிற வரைக்கும்தான் டாக்டர், அப்புறம் போயிடும்" என்றாள் பெரியம்மா. எழுதிக்கொண்டார். விரல் எப்படி என்றார். "விரலா, அது மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மடங்காது" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வேலை செய்யச் செய்ய வலி கூடுதா, குறையுதா என்று கேட்டார். "முட்டி கூடும், கை குறையும்" என்றாள், ஏதோ சந்தையில் விலை சொல்கிற மாதிரி. வீக்கம் உண்டா என்றார். "இருக்கு டாக்டர், பஞ்சு மாதிரி இருக்கு, சுடுது" என்றாள். டாக்டர் பெரியம்மாவின் கையை வாங்கி ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார், நுனியில் இருக்கிற அந்தக் கெட்டிக் கொட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை. "எங்கம்மா வீக்கம்?" என்றார். பெரியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இப்ப இங்க இல்லை டாக்டர், கடையில இருக்கு" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. இவ்வளவு நாளாக இந்த அறையில் இதுதான் நடந்துகொண்டிருந்ததா என்று நினைத்தபோது வந்த ஆத்திரத்தில்தான் எனக்குக் குரல் வந்தது என்று நினைக்கிறேன். "அது அம்மா" என்றேன். என்ன என்றார். "விரல் அம்மாவுது. முட்டி பெரியம்மாவுது" என்றேன். அதற்கு மேல் அவர் பெரியம்மாவைக் கேட்கவில்லை, நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார், நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், கத்தரிக்கோல், நுரை, மணிக்கட்டுக் குழாய், கூழாங்கல் நடை, சாப்பிட்டதும் வாடிக்கைக்காரர் நாற்காலியிலேயே அம்மா அசந்து தூங்கிவிடுவது, உடம்பு இளைத்துச் சட்டைத் தோள் வழிவது, எல்லாம். இரண்டு கையுமா என்று கேட்டார். இரண்டும் என்றேன். உங்கம்மாவுக்கு என்ன வயது என்றார், நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை என்றேன். ஆளைப் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனால் நீ சொல்வது தேய்மானம் மாதிரி இல்லை என்றார். தேய்மானம் என்றால் மூட்டு பழசாகிப்போவது, உழைத்தால் வலிக்கும், உட்கார்ந்தால் ஆறும், வீங்கினாலும் பெரும்பாலும் எலும்புதான் கெட்டியாகப் புடைத்திருக்கும். இன்னொரு வகை இருக்கிறது, அதில் நம் உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தியே வழி தவறி மூட்டின் உள்சவ்வைத் தாக்க ஆரம்பித்துவிடும், அது இரவெல்லாம் சும்மா கிடந்த பிறகு காலையில் இறுகும், நடமாடினால் இளகும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், மூட்டோடு நிற்காமல் ஆளையே அசதியில் தள்ளிவிடும் என்று சொன்னார். அதில் அடிக்கடி வருகிறதற்குப் பெயர் முடக்குவாதம். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, சீக்கிரம் கண்டுபிடித்து அதற்கென்று இருக்கிற மருந்தை ஆரம்பித்தால் முடங்க வேண்டியதே இல்லை, முன்னே மாதிரி இல்லை இப்போது என்றார். ஆனால் வலி மாத்திரையைப் போட்டு ஏமாற்றிக்கொண்டிருந்தால் உள்ளே எலும்பு அரித்துப்போகும், விரல் கோணிவிடும், கோணினதை அப்புறம் எந்த மருந்தும் நிமிர்த்தாது என்றும் சொன்னார். ரத்தம் பார்க்க வேண்டும், நோய் இருந்தாலும் சில பேருக்கு ரத்தத்தில் ஒன்றும் காட்டாது, அதனால் கையைத் தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியம், நான் பார்த்துவிட்டு மூட்டுக்கென்றே இருக்கிற டாக்டரிடம் எழுதிக்கொடுக்கிறேன், காலையில் கை இறுகியிருக்கும்போதே கூட்டிக்கொண்டு வா என்றார். கடைசியில் பெரியம்மாவைப் பார்த்து, "அடுத்தவங்க வலியை நீங்க சுமக்காதீங்கம்மா, உங்க முட்டி தாங்காது" என்றார். பெரியம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய். முதலில் பெரியம்மாவுக்கு வருத்தம். தங்கைக்கு வேறு வியாதி என்பதை அவளால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "பொறந்ததுல இருந்து எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான், இப்ப மட்டும் அவளுக்குத் தனியா ஒண்ணு வந்துடுமா" என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அதைவிட மோசம். "எனக்குத் தேய்மானம்தான்" என்று ஏதோ அவளுக்குக் கொடுத்த பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி சண்டைக்கு வந்தாள். பிறகு நான் துண்டு மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், "உழைச்ச கை தேஞ்சுபோச்சுன்னா பாவம்னு நினைப்பாங்கடி. நோய்க்காரின்னு தெரிஞ்சா எவ தலையைக் குடுப்பா என் கையில?" இது ஒட்டுகிற நோய் இல்லை, டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டேன் என்றேன். "உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாற்காலியில வந்து உட்கார்றவளுக்குத் தெரியுமா" என்றாள். ஆனால் விரல் கோணிப்போனால் தலையைக் கொடுக்கிறவர்கள் இருந்தும் என்ன பிரயோஜனம், இதை நான் மனதுக்குள் சொன்னேன், வழக்கம்போல வெளியில் வரவில்லை.

இப்போது கேள், இதை நினைத்தால்தான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் தொல்லை தாங்காமல் நேற்று அம்மா கிளினிக்குக்குப் போனாள். எப்போது போனாள், கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம். எப்படிப் போனாள், மத்தியானம் ஒரு வலி மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டு. நாள் முழுவதும் வெட்டி வெட்டி விரல் நன்றாக இளகியிருக்கிறது, மாத்திரையும் சேர்ந்து வீக்கத்தை வடித்திருக்கிறது, அங்கே இருந்ததோ சாயங்காலம் மட்டும் வருகிற வேறு டாக்டர், வாசலில் நல்ல கூட்டம். போதாததற்குப் பெரியம்மாவின் பழைய சீட்டையே கொண்டு போயிருக்கிறாள், அதில் இருந்த எக்ஸ்ரே குறிப்பைப் பார்த்துவிட்டு அவரும் தேய்மானம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் பார்த்தது பெரியம்மாவின் முட்டியையும் அம்மாவின் சாயங்காலக் கையையும். அம்மா வெற்றிக்கொடி நாட்டியவள் மாதிரி வந்தாள். "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள். மாடியிலிருந்து பெரியம்மா இறங்கி வந்து "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள், இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், ஒரு மாத்திரையை உடைத்து ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டார்கள். நான் போய்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன், ஏற்கெனவே கழுவிய தொட்டிதான்.

அதனால் அண்ணா, நீ சொன்னால் மட்டும்தான் அம்மா கேட்பாள், "பெரியவன் சொல்லட்டும், போறேன்" என்று அவளே சொல்லியிருக்கிறாள், நீ சொல்ல மாட்டாய் என்கிற தைரியத்தில். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. ஓய்வு எடு என்று சொல்லாதே, தயவுசெய்து. காலையில், கடை திறப்பதற்கு முன்னால், மாத்திரை போடாமல், தன் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு போகச் சொல். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றும் சொல், ஸ்பீக்கரில் அவள் கேட்டால் கேட்கட்டும். நானும் இங்கே ஒவ்வொரு நாளும் சொல்லிப் பார்க்கிறேன், என் குரல் இந்த வீட்டில் யார் காதுக்கும் எட்டுகிறதில்லை. கடிதம் உன்னிடம் வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், எலும்பு அரித்துப்போகும் என்று டாக்டர் சொன்னதே காதில் இருக்கிறது. அம்மாவின் கை எப்படி வெட்டும் என்று உனக்கு மறந்திருக்காது. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் தலையை வெட்டிவிட்டு, பின்கழுத்தில் விழுந்த முடியை ஊதினாளே, அந்தக் கை.

அம்மா வந்துவிட்டாள். என்னடி இவ்வளவு எழுதியிருக்கே என்றாள், தொட்டிக் குழாயைப் பற்றி எழுதினேன் என்றேன், அதுவும் எழுதியிருக்கிறேன்தானே. மூக்குக்கண்ணாடி மாடியில் பெரியம்மாவிடம் இருக்கிறது, அதனால் அவளால் படிக்க முடியாது. இனி அவள் சொல்வது.

பெரியவனே, உடம்பைப் பார்த்துக்கொள், காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைக்காதே. கிடங்கை விட்டு வெளியே வந்ததும் அப்படியே சூடான தண்ணீரில் கையை வைக்காதே, கொஞ்ச நேரம் போகட்டும். காதுக்குப் போடுகிற உறையைத் துவைத்துப் போடு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது சீக்கிரம் வலிக்கும். உன் அறையில் கூட இருக்கிற பையனோடு சண்டை போடாதே, அவன் குறட்டை விட்டால் விடட்டும். தலைமுடியைக் கண்ட இடத்தில் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதே, நீ வரும்போது நான் வெட்டிவிடுகிறேன். நீ நூறு வருஷம் நோயில்லாமல், நினைத்தது நடந்து, குறை என்று ஒன்றைச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது, கையெழுத்தை அவளே போடட்டும் என்று பேனாவைக் கொடுத்தேன்.

இப்படிக்கு, உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா

அண்ணா, உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், இது மறுநாள் காலை, கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடை திறந்து முதலில் வந்தவருக்கு முன்முடி வெட்டிவிட்டு அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கத்தரிக்கோல் கழலவில்லை. அவளே தொட்டிப் பக்கம் போய்க் கையை நீட்டிக்கொண்டு, "நுரையைப் போடுடி" என்றாள். நான் போடவில்லை. வந்தவரை அனுப்பிவிட்டு வாசல் பலகையைத் திருப்பி வைத்தேன், ஒரு துண்டை எடுத்துக் கத்தரிக்கோலோடு சேர்த்து அவள் கையைச் சுற்றினேன். "என்னடி பண்றே, முதல்ல கழட்டுடி இதை" என்றாள், கடையைப் பூட்டிக்கொண்டு இன்னொரு கையைப் பிடித்தேன். தெருவில் இரண்டு தடவை நின்றுவிட்டாள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள், பெரியவன் கூப்பிடட்டும் என்றாள், நான் எதற்கும் பதில் சொல்லவில்லை, பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தானே. பெரியம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து சேர்ந்துவிட்டாள். பழக்கத்தில் அவள்தான் முதலில் சீட்டு எழுதுகிற இடத்துக்குப் போனாள், அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்க்காமல் பெரியம்மாவின் பெயரையே எழுதத் தொடங்கினாள். நான் பெரியம்மாவைத் தோளைப் பிடித்து அழைத்து வந்து பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன், திரும்பிப் போய், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவின் பெயரைச் சொன்னேன்.